ஒரே பேச்சுக்கு நான் 4, சக ஆசிரியர் 2. எப்படி மதிப்பிடுவது?

வணக்கம். தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள், பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான். ஜூன் முதல் பேச்சுத்திறனுக்கு மதிப்பெண் போடப் பார்க்கிறேன், பிடிபடவே இல்லை.

முதலில் ஐயெல்ட்ஸ் (IELTS) என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் பார்க்கிற நான்கையும், அதாவது சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, எளிமையாக்கி எடுத்துக்கொண்டேன். ஆனால் அங்கே ஒருவருக்கே 11 முதல் 14 நிமிடம், எனக்கு ஒரு பாடவேளையே 40 நிமிடம். அப்புறம் போனில் பதிவு செய்தேன். போனைக் கண்டதும் பலர் வாயே திறக்கவில்லை. இருவர் இருவராக விட்டால் கலகலவென்று பேசுகிறார்கள், ஆனால் நன்றாகப் பேசுகிற பிள்ளை மற்றதைப் பேசவே விடுவதில்லை.

பதிவில் ஒரு மாணவி, "எஸ்டர்டே ஐ கோ சந்தை, டூ கோட் பை, அப்பா ஹேப்பி" என்கிறாள், நேற்று சந்தைக்குப் போய் இரண்டு ஆடு வாங்கியதைத்தான் சொல்கிறாள். எங்கும் தயங்கவில்லை, சொல்ல வந்தது முழுசாகப் புரிந்தது. நான் 5க்கு 4 போட்டேன். அதையே கேட்ட சக ஆசிரியர், வினைச்சொல் எல்லாம் தப்பு என்று 2 போட்டார். அவர் சொல்வதும் சரிதான், ஆனால் 2 வாங்கினால் அவள் அடுத்த முறை பேசுவாளா என்பதுதான் என் கவலை.

ஒருவருக்கு 3 நிமிடத்துக்குள், இரண்டு பேர் தனித்தனியே போட்டாலும் மதிப்பெண் ஒத்துப்போகும்படி வகுப்பில் மதிப்பிட்டவர்கள் இருந்தால், சரளத்துக்கும் இலக்கணத்துக்கும் எவ்வளவு பங்கு வைத்தீர்கள்?