ஹைவ் தளத்தில் தமிழில் எழுதத் தொடங்குவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வாசகி:
வணக்கம். பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாழும் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் உழவையும் வழிபாட்டையும் எழுதிவைக்க விரும்புகிறேன். பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பதிவுச் சங்கிலியில், இயங்கும் ஹைவ் தளத்தில் எழுதினால் பதிவுகள் நிலைக்கும், வருமானமும் உண்டு என்கிறார்கள். புதியவர் முதலில் எதை அறிய வேண்டும்?

வாளையாறு நண்பர்:
சகோதரி, நல்ல முயற்சி. 2020 மார்ச்சில் ஸ்டீம் என்னும் இதுபோன்ற பிளாக்செயினிலிருந்து பிரிந்த ஹைவில், முதன்மைக் கடவுச்சொல்லைத் தொலைத்தால் மீட்டுத் தர நிர்வாகி எவரும் இல்லை. அதிலிருந்து தனித்தனி வேலைகளுக்கான சாவிகள், அதாவது இரகசியக் குறியீடுகள், உருவாகும். பதிவிடவும் பிறர் பதிவுகளுக்கு வாக்களிக்கவும் போஸ்டிங் சாவி போதும். பணத்தை நகர்த்தும் ஆக்டிவ் சாவியையும், கணக்கின் உரிமையையே மாற்றவல்ல ஓனர் சாவியையும் தாளில் எழுதிப் பூட்டிவையுங்கள்.

குமுளி எழுத்தர்:
பதிவுக்கு வருமானம் வாசகர்களின் வாக்குகளால் வருகிறது. வாக்கின் எடை, வாக்களிப்பவர் வைத்திருக்கும் ஹைவ் பவரை, அதாவது கணக்கில் பூட்டிவைத்த ஹைவ் நாணயத்தின் அளவை, பொறுத்தது. அந்தத் தொகை, பதிவை வெளியிட்ட 7 நாள்களுக்குப் பின்னரே சேரும். அதில் பாதி வாக்களித்தவர்களுக்குரியது. நாணயத்தின் விலையும் நிலையற்றது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய மின்னணு நாணயச் சொத்தை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. பணத்தை நம்பித் தொடங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
நன்றி ஐயா. வெளியிட்ட பின் பிழை திருத்தலாமா?

வாளையாறு நண்பர்:
திருத்தலாம், ஆனால் பழைய வடிவமும் சங்கிலியில் தங்கிவிடும், எவரும் அதைத் தேடிப் படிக்கலாம். ஆகவே உறவினரின் அந்தரங்கச் செய்திகளையும் நிலத்தின் சர்வே எண்களையும் எழுதாதீர்கள். எழுத்து மட்டுமே சங்கிலியில் பதிவாகிறது. படங்கள் வேறு சேவையகங்களில் இருப்பதால், குடும்பப் படங்களின் மூலப் பிரதிகளை உங்களிடமே வைத்திருங்கள்.