லூயிஷம் கொட்டகையில் கட்டிய பெட்டிகள்

83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் லண்டன் வந்தபோது லூயிஷமில் வீடு கிடைத்தது. அடுத்த வீட்டில் ஜமைக்காக் குடும்பம். சனிக்கிழமை அவர்கள் வீடு துடைக்கும்போது லவர்ஸ் ராக் என்கிற காதல் ரெகே பாட்டு ஓடும். சுவரோ மெல்லியது, அம்மா போடும் பக்திப் பாட்டு அதற்கு முன் எடுபடாது. கொஞ்ச நாளில் அம்மாவே சமைத்துக்கொண்டு அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வீட்டு அங்கிள் பஸ் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் தோட்டத்துக் கொட்டகையில் ஸ்பீக்கர் பெட்டி கட்டுவார். அவர் மகனோடு நானும் போய் ஒட்டிக்கொள்வேன். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், 18 அங்குல ஸ்பீக்கர். 'ஸ்கூப்' என்பார்கள்: ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஒலியை வளைந்த பாதையில் சுற்றவிட்டு முன்னால் கொண்டுவரும் பெட்டி. பலகை சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ், அதாவது அடி ஒலி, சீறும். பசை தடவி, திருகாணி முறுக்கி, காய்ந்ததும் பாட்டை ஓடவிட்டு, அங்கிள் விரலை எச்சில் தொட்டு இணைப்பு நெடுக நகர்த்துவார். காற்றுப் பட்ட இடத்தில் பென்சில் குறி. அப்புறம் அதை அடைப்பது எங்கள் வேலை.

“கடையில் வாங்கினால் என்ன அங்கிள்?” என்று கேட்டேன். “50களில் வெள்ளைக்காரன் எங்களைக் கிளப்புக்குள்ளேயே விடமாட்டான். கடையை நம்பியா ஆடினோம்?” என்றார். வீட்டு நிலவறைகளில்தான் ஆட்டம். 1954இல் ஜமைக்காவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்த டியூக் வின், மேற்கு லண்டன் லேட்புரோக் குரோவ் பக்கம் சொந்த சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் குழு) நடத்தியதை ஏதோ உறவினர் கதைபோலச் சொல்வார்.

சவுண்ட் சிஸ்டங்களுக்குள் போட்டியும் கடுமைதான். எதிராளி பெயரைப் படித்துவிடக் கூடாதென்று இசைத்தட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தங்களுக்கென்றே தனியாக வெட்டிய இசைத்தட்டு, அதாவது டப்பிளேட், இன்னும் பெரிய சொத்து. மென்மையான அசிட்டேட் என்பதால் போடப் போடத் தேயும், ஆகவே கண்டபடி போடமாட்டார்கள்.

நியூ கிராஸில் ஜா ஷாக்கா என்ற சவுண்ட் சிஸ்டம்காரரின் இரவுக்கு அங்கிள்தான் கூட்டிப்போனார். அத்தனை கூட்டத்துக்கும் இசைத்தட்டு சுழற்ற ஒரே ஒரு டர்ன்டேபிள்! ஷாக்கா பேஸை முழுக்க எடுத்துவிட்டு மேல் ஒலியை மட்டும் ஓடவிடுவார், சைரன் அலறும், திடீரென்று பேஸ் திரும்பும். சட்டையே நெஞ்சில் அதிர்ந்தது. இப்போது போனில் டப் என்கிற அந்த பேஸ் மிகுந்த ரெகேயைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு ஒரு தரம் போய் அந்தப் பெட்டிகள் முன்னால் நின்று பாருங்கள். காதடைப்பான் மட்டும் மறக்க வேண்டாம்.