போட்டோ மட்டும் கேட்காதீர்கள்

அத்தை: மழலையர் பள்ளிப் பயிற்சிக்கென்று ஜெர்மனி போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. குழந்தைகளோடு ஒரு போட்டோகூட வரவில்லை. எங்களை மறந்தே விட்டாயா கண்ணு?

அக்கா: மறப்பேனா அத்தை! இங்கே குழந்தைகளை நான் படம் எடுக்கக் கூடாது. பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் மட்டும் எடுப்பார்கள், அதுவும் பள்ளியின் கேமராவில். என் போன் காலையிலேயே லாக்கருக்குள் போய்விடும்.

அத்தை: முதுகு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று?

அக்கா: முதுகும் கிடையாது 😄

சித்தப்பா: சரி, பயிற்சியில் என்ன பாடம் நடத்துகிறாய்? ஏபிசிடி ஆரம்பித்தாயிற்றா?

அக்கா: பாடமே இல்லை சித்தப்பா. எழுத்தெல்லாம் ஆறு வயதில் பெரிய பள்ளிக்குப் போன பிறகுதான். எனக்கும் கூட வந்த தோழிக்கும் முதல் வாரம் சொன்ன வேலை ஒன்றுதான். தரையில் உட்காருங்கள், எந்தக் குழந்தையையும் கூப்பிடாதீர்கள், அதுவாக வரட்டும். பாட்டு, கைப்பொம்மை, அட்டையில் வெட்டிய யானை என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டு போயிருந்தேன். இன்னும் திறக்கவில்லை.

நான்: தரையில் உட்காரவா விமானம் ஏறினாய்?

அக்கா: சிரிக்காதே. இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் நாலு வயதுக்காரி ஒருத்தி வந்து நின்றாள். வகுப்பில் படித்த ஜெர்மனில், மரியாதையாக ‘ஸீ’ போட்டுப் பேசினேன். நம்ம ‘நீங்கள்’ மாதிரி. அவள் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்!

நான்: 😂😂😂

அத்தை: பின்னே எப்படிப் பேசுவதாம்?

அக்கா: ‘டூ’. நீ. அவர்களும் என்னை ‘டூ’ தான். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அத்தை: நாலு வயது, பெயர் சொல்லி! நன்றாக இருக்கிறது போ.

அம்மா: அந்த அழுகிற பையன் என்ன ஆனான்?

அக்கா: அந்த இரண்டு வயதுக் குட்டியா? இங்கே புதிதாக வருகிற குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருப்பார்கள். முதல் மூன்று நாள் பிரிக்கவே மாட்டார்கள். நாலாம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பது. அது திங்கட்கிழமையாக இருந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவிடுவார்கள், வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறதே என்று. பெர்லின் முறை என்று பெயர். இவனுக்குத் திங்கள்தான் வந்தது. செவ்வாய் அன்று அவன் அம்மா சொல்லிக்கொண்டுதான் போனார், நழுவக் கூடாது. அழுதான். ஆசிரியை தூக்கியதும் அடங்கிவிட்டான். அடங்காவிட்டால் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னும் சில நாள் பொறுப்பார்கள்.

அம்மா: உன்னை எல்கேஜியில் விட்ட அன்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். பழகிவிடும், நீங்கள் போங்கள் என்றார்கள். மதில் ஓரமாகவே நின்றிருந்தேன். உன் குரல் தனியாகக் கேட்டது.

அக்கா: நீ சொன்னதே இல்லையேம்மா.

அம்மா: சொல்லி என்ன.

நான்: எல்கேஜியில் இருக்கிற ‘கேஜி’ அந்த ஊர்ச் சரக்குதானே அக்கா?

அக்கா: ஆமாம். ஃப்ரோபெல் என்ற ஜெர்மன் கல்வியாளர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்தார். 1840இல்தான் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார், குழந்தைகளின் தோட்டம். 1851இல் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் நாட்டின் அரசு தடையே போட்டது, நாத்திகம் வளர்க்கிறார்கள் என்று!

சித்தப்பா: தங்கச்சியும் அடுத்த வருடம் வர நினைக்கிறாள். என்னென்ன காகிதம் வேண்டும்?

அக்கா: விசா தவிர, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ். அப்புறம் தட்டம்மைத் தடுப்பூசி. 1970க்குப் பிறகு பிறந்தவர்கள் இரண்டு ஊசி போட்ட ஆதாரமோ, எதிர்ப்புசக்தி இருப்பதற்கான மருத்துவச் சான்றோ காட்ட வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து சட்டம். இப்போதே தேடச் சொல்லுங்கள்.

அம்மா: உன் தடுப்பூசி அட்டைக்காக பீரோவையே கவிழ்த்தேன். கடைசியில் கல்யாண ஆல்பத்துக்குள் இருந்தது.

அக்கா: 🙏 நேற்று இன்னொரு கூத்து. மழையானாலும் தோட்டத்துக்குப் போவார்கள். அதற்கென்று தண்ணீர் புகாத சேற்றுக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ். பன்னிரண்டு பேர் மாட்டி முடிக்க அரை மணி நேரம். மூன்று வயதுக்காரன் ஒருவன் இரண்டு காலையும் ஒரே குழாய்க்குள் விட்டு மாட்டிக்கொண்டான். பாவமாக இருந்தது, இழுத்துச் சரிசெய்தேன். ‘ஸெல்பர்!’ என்று ஒரு கத்து. நான் போட்டுவிட்டதை முழுக்கக் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ‘நானே’ என்று அர்த்தம். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் பார்த்தார். இப்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

சித்தப்பா: கடைசியில் போட்டானா இல்லையா?

அக்கா: போட்டான். பின்பக்கம் முன்னால். அப்படியே ஓடிவிட்டான்.

அத்தை: அதைத்தான் போட்டோ எடுத்திருக்க வேண்டும்!

அக்கா: அத்தை!!

அக்கா: 📷 படம்

அத்தை: என்ன இது, சேறும் சகதியுமாக இரண்டு பூட்ஸ்? எந்தக் குழந்தையுடையது?

அக்கா: என்னுடையது.

அத்தை: கழுவி வெயிலில் வை.

அக்கா: வெயிலா?