வகுப்பில் வரும் பழக்கம் வெளியே வருவதில்லை

கேள்வி: மாணவர் சிறப்புக் கல்வி வகுப்பில் 'உதவி வேண்டும்' அட்டையை (வாயால் கேட்பதற்குப் பதிலாக நீட்டும் அட்டை) தானாகவே நீட்டுகிறார். வீட்டிலும் வேறு ஆசிரியரிடமும் நீட்டுவதில்லை. நீண்ட விடுமுறைக்குப் பின் வகுப்பிலும் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஒரே ஆள், ஒரே மேசை என்று கற்றுத்தந்தால் அந்தச் சூழலே தூண்டுதலாகிவிடும்; வேறு இடத்தில் அட்டையை நீட்டத் தோன்றாது. முழுத் தேர்ச்சிக்குக் காத்திருக்காதீர்கள். தொடக்கத்திலேயே 3 பேர், 3 இடங்கள் என மாற்றுங்கள். இறுக்கமான மூடி, சிக்கிய ஜிப் என உதவி உண்மையிலேயே தேவைப்படும் தருணங்களை உருவாக்குங்கள்.

பதில் 2: வீட்டில் அட்டை கைக்கெட்டுகிறதா? அழுதால் உதவி இன்னும் வேகமாக வருமென்றால், அட்டையை யார் நீட்டுவார்? பெற்றோருக்குச் சொல்லவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பதில் 3: மறதிக்கு: கூடுதல் பாராட்டு, டோக்கன் (சேர்த்துப் பரிசாக மாற்றிக்கொள்ளும் வில்லை) ஆகியவற்றை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். கேட்ட உதவியைக் குறைக்க வேண்டாம். 1, 2, 4 வாரங்கள் கழித்துத் தூண்டாமல் சோதியுங்கள். சரிந்திருந்தால் சிறு மறுபயிற்சி தாருங்கள்.