மெல்லுறை வண்டு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

வணக்கம் அக்கா.

'ஆல்பைன் சோல்ஜர் பீட்டில்' என்ற ஆங்கிலப் பெயருக்கு நீங்கள் அனுப்பிய 'மலைச் சிப்பாய் வண்டு' என்ற சொல்லை எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கையேட்டில் சேர்ப்பதற்கு முன் என் கருத்தை எழுதிவிடுகிறேன். அதில் 'வண்டு' மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டும் மாற வேண்டும்.

முதலில் சிப்பாய். ஆங்கிலேயர் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. சில இனங்களின் செம்மஞ்சள் உடல் அவர்களுடைய பழைய ராணுவத்தின் சிவப்புச் சட்டையை நினைவூட்டியிருக்கிறது. சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) எந்தப் பிள்ளைக்கு அந்தச் சட்டை தெரியும்? சிப்பாய் என்றால் புற்றைக் காக்கும் பெருந்தலைக் கறையானைத்தான் நினைப்பார்கள். கையேட்டின் கறையான் பக்கத்தில் அந்தப் பொருளில்தான் அச்சொல்லை ஆண்டிருக்கிறோம். இந்த வண்டுக்குப் புற்றும் இல்லை, காவலும் இல்லை.

பெயரை அதன் உடம்பிலிருந்தே எடுக்கலாம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வண்டு என்றால் செம்பனைக் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு. அதன் முன்சிறகு நகத்தால் கீறினாலும் தடம் பதியாத கெட்டி ஓடு. சோல்ஜர் பீட்டில் குடும்பத்தின் முன்சிறகோ தோல் போல வளைந்து கொடுக்கும். ஜெர்மன் மொழியிலும் 'மெல்வண்டு' என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. வண்டுகளின் முன்சிறகுக்கு 'உறைச்சிறகு' என்று நம் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால், மெல்லிசை, மெல்லிதழ் என்பன போல 'மெல்லுறை வண்டு' இயல்பாக அமைகிறது.

குடும்பத்தின் அறிவியல் பெயரான கேந்தரிடேயிலிருந்து சொல் ஆக்கலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அது ஆபத்தான வழி. கேந்தரிடின் என்னும், தோலில் கொப்புளம் கிளப்பும் நஞ்சு இந்தக் குடும்பத்தில் சுரப்பதில்லை. மெலோய்டே என்ற வேறு குடும்பத்துக் கொப்புள வண்டுகளில் சுரக்கிறது. பெயர் ஒற்றுமையை நம்பினால் கையேட்டில் தவறான எச்சரிக்கை அச்சேறிவிடும்.

அடுத்தது மலை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 'ஆல்பைன்' என்பது சூழலியலில் மரங்கள் வளர முடியாமல் நின்றுவிடும் எல்லைக்கு மேலுள்ள பகுதியைக் குறிக்கும். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தாகான் மலை 2187 மீட்டர்தான். அங்கும் குட்டை மரங்கள் உண்டு. கேமரன் மலையின் பாசிக்காட்டைப் பார்த்த பிள்ளை 'மலை வண்டு' என்று படித்தால் ஈரம் சொட்டும் கிளையைத்தான் கற்பனை செய்யும். நம் நாட்டில் மரம் அற்றுப்போகும் உயரத்தைக் காண 4095 மீட்டர் கினபாலுவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே அந்த எல்லைக்கு 'மரவரம்பு' என்றும், அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு 'மரமிலி மலை' என்றும் முன்மொழிகிறேன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த பொடாப்ரஸ் அல்பைனஸ் என்ற இனத்துக்கு 1798இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு இயற்கையியலர் பேகுல். பெயரில் ஆல்ப்ஸ் இருந்தாலும் அது ஊசியிலைக் காடுகளில் வாழ்வது. அதை 'மரமிலி மலை' என்று மொழிபெயர்த்தால் பொய்யாகிவிடும். அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவோம். வாழிடச் சொல்லை வாழிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

குடம்பிக்கும் (லார்வா) ஒரு வரி. இவ்வண்டின் குடம்பி கறுத்து, வெல்வெட் போன்ற அடர்ந்த நுண்மயிரோடு இருக்கும். குளிர்காலத்தை அந்தப் பருவத்திலேயே மண்ணிலும் சருகிலும் கழித்து, சிறு பூச்சிகளையும் நத்தைகளையும் வேட்டையாடித் தின்னும். குளிர் சற்றுத் தணியும் நாட்களில் வெண்பனியின் மேலேயே ஊர்ந்து வரும். ஐரோப்பியர் இதைப் பனிப்புழு என்பார்கள். நாம் 'வெண்பனிப் புழு' என்றே எழுத வேண்டும். வெறும் 'பனி' இங்கே விடியற்காலை மூடுபனியாகிவிடும்.

—

தம்பி, வணக்கம்.

மரவரம்பு, மரமிலி மலை இரண்டும் எனக்குச் சம்மதம். மெல்லுறை பற்றி ஒரு கேள்வி. மின்மினிக்கும் உறைச்சிறகு மென்மையானதுதானே? கம்போங் குவாந்தான் ஆற்றோரம் பெரெம்பாங் மரத்தில் மின்னுவதைப் பிடித்துக் காட்டி, "டீச்சர், இதுவும் மெல்லுறை வண்டா?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில்?

—

அக்கா, பிள்ளை அப்படிக் கேட்டால் மகிழ்ச்சிதான். இரண்டும் நெருங்கிய உறவுள்ள குடும்பங்கள். மென்மை இரண்டுக்கும் பொது. கையில் இருப்பதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் மின்மினியின் வயிற்று நுனியில் வெளுத்த இரண்டு வளையங்கள் பகலிலும் தெரியும். ஒளி அங்கிருந்துதான் வருகிறது. மெல்லுறை வண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அடுத்து மேலிருந்து பார்க்கட்டும். பெரும்பாலான மின்மினிகளின் தலையை முன்மார்புத் தகடு கூரையாக மூடியிருக்கும். மெல்லுறை வண்டின் தலை தகட்டுக்கு முன்னால் வெளியே நீண்டிருக்கும். பொடாப்ரஸில் கண்ணுக்குப் பின்னால் கழுத்துப் போல ஒடுங்கவும் செய்யும். மின்மினி என்ற பழஞ்சொல் வழக்கில் உறுதியாக இருக்கும்வரை இரண்டும் குழம்பாது.

உங்களுக்கும் குழுவுக்கும் மறுப்பில்லை என்றால் 'மெல்லுறை வண்டு', 'மரவரம்பு', 'மரமிலி மலை', 'வெண்பனிப் புழு' நான்கையும் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன். முன்மார்புத் தகட்டுக்கு இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் இடம் மிகவும் குறைவு.