டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டர் அவசியமா?

வணக்கம் நண்பர்களே, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள். என்னிடம் இருப்பது 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக், டர்போ கிடையாது, கம்பெனி கணக்கு 106 குதிரைத்திறன். கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெடரும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) மாற்றிய பிறகு 6,000 ஆர்பிஎம் தாண்டினால் காற்று-எரிபொருள் விகிதம் 12.8-இலிருந்து 14-க்கு ஏறிவிடுகிறது (அதாவது பெட்ரோல் போதவில்லை), இழுவையும் விழுகிறது. ப்ளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துக் கிடக்கிறது.

மெக்கானிக் அண்ணன் நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் போடச் சொல்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதிருப்பவை பெஞ்சில் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 240 சிசி தந்தன. குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல், 80 சதவீத டியூட்டி சைக்கிள் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 145 வரை தாங்க வேண்டும், என் வண்டி 125-ஐத் தொட்டாலே அதிகம். அப்புறம், பெரியதைப் போட்டு ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் செய்யாவிட்டால் ஐடிலிங்கிலேயே கரும்புகை தள்ளுமே.

எனக்குச் சந்தேகம் பழைய பெட்ரோல் பம்ப் மேல்தான், அல்லது ஈசியூ மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) மேல். முழு ஆக்சிலரேட்டரில் ஓடும்போது பெட்ரோல் அழுத்தத்தை எப்படிப் பத்திரமாக அளப்பது? கேஜை எங்கே மாட்டினீர்கள்? டர்போ இல்லாத சிட்டியில் இன்ஜெக்டர் மாற்றியே ஆகவேண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.