பத்து மாதம், இன்னும் தவழவில்லை: பொறுப்பதா, காட்டுவதா?

மானிப்பாய் மழை:
மகளுக்குப் பத்து மாதம். 34 கிழமையில் பிறந்தவள். வடிவாக இருக்கிறாள், ஆனால் தவழவில்லை, இருந்தபடியே அரக்கி அரக்கித்தான் போகிறாள். அம்மா, “உன்ர மாமாவும் தவழாமல் எழும்பி நடந்தவர்தான்” என்கிறா. மாமி வாக்கர் வாங்கித் தரவா என்று கேட்கிறா. இவர் பிசியோவிடம் காட்டுவோம் என்கிறார். போன கிழமை முதல் பல் வந்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். முன்னால் வைத்த பேனை, காப்பு, புத்தகம் எல்லாவற்றையும் இடக்கையாலேயே எடுத்தாள், அப்பப்பா மாதிரி இடக்கைக்காரி என்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. நான் என்ன செய்ய?

மூன்று பெற்றவள்:
தங்கச்சி, ஒன்றும் செய்ய வேண்டாம். இப்போது பிள்ளை தும்மினாலும் சனல் பண்ணிக்கொண்டு (காசு கட்டித் தனியார் டொக்டரிடம்) ஓடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கிலேயே, பிடிக்காமல் தனியே நடக்க 17.6 மாதம் வரை போகலாம் என்று இருக்கிறது. அவர்கள் பார்த்த பிள்ளைகளில் 100க்கு நாலு பேர் முழங்காலில் தவழவே இல்லை. அமெரிக்காவில் 2022இல் தவழ்வதையே பிள்ளை வளர்ச்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னுடைய இரண்டாவது 14 மாதத்தில் கதிரையைப் பிடித்து எழும்பி நேரே நடந்தவன். நல்லெண்ணெய் பூசிக் குளிப்பாட்டுங்கள், போதும்.

இயன்மருத்துவத் தம்பி:
அக்கா சொன்ன கணக்கு சரி. முடிவு பிழை. நான் பிள்ளைகளோடுதான் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுங்கள். முதலில், 34 கிழமை என்றால் ஆறு கிழமை முந்திப் பிறந்த பிள்ளை, அந்த ஆறைக் கழித்துத்தான் வயதைப் பார்க்க வேண்டும் (இரண்டு வயது வரை அப்படித்தான்). அப்படிப் பார்த்தால் எட்டரை மாதம், தவழாததற்கு நான் பயப்பட மாட்டேன். இருந்தபடி அரக்கும் பழக்கம் சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்மை. ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதிய அந்த இடக்கை வரிதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு வயதுக்கு முன்னர் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒன்றுதான், இடக்கைக்காரி வலக்கைக்காரி என்பதெல்லாம் பிறகு வருவது. இப்போதே ஒரு கையை மட்டும் பாவித்தால் மற்றக் கைக்கு என்ன என்று பார்க்க வேண்டும். அரக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள்? வலக்கைப் பெருவிரல் உள்ளே மடிந்து கிடக்கிறதா?

சுன்னாகம் சைக்கிள்:
ஆரம்பித்துவிட்டார்கள் வியாபாரத்தை. என் அக்காவின் மகனை ஒரு இடத்தில் ஒரு மாதம் கையைக் காலை இழுத்து நீட்டி, பிள்ளை கத்திக் குழறி, கடைசியில் வேறு டொக்டர் ஒன்றுமில்லை என்றார். பயம் காட்டிக் காசு பறிக்கிற வேலை.

இயன்மருத்துவத் தம்பி:
அண்ணா, பிள்ளை குழறக் குழற இழுத்து நீட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. வேறொருவர் அசைத்துவிடுவதால் மூளை பழகாது, பிள்ளை தானே எட்டிப் பிடிக்க வேண்டும், அதுவும் வீட்டில், விளையாட்டாக. சோதிப்பதும் அப்படித்தான். அல்பேர்ட்டா அளவுகோலில் 58 விடயம் இருக்கிறது, பெரும்பாலும் பிள்ளையைத் தொடாமலே, மல்லாக்க, குப்புற, இருக்க, நிற்க என்ன செய்கிறாள் என்று பார்ப்பதுதான். நரம்பைப் பார்க்க ஹமர்ஸ்மித் சோதனை, 78 புள்ளிக்கு, அதிலே இடதும் வலதும் ஒரே மாதிரியா என்று தனியாகக் குறிப்பார்கள். இதற்குச் சனல் பண்ணவே தேவையில்லை. கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லி, பெரியாஸ்பத்திரிப் பிள்ளை வைத்தியருக்குக் கடிதம் வாங்கினால் ஒரு சதம் செலவில்லை.

மூன்று பெற்றவள்:
தம்பி, ஒன்றுமில்லை என்றால் அந்தப் பிள்ளையின் தாய் இத்தனை நாள் நித்திரை கொள்ளாமல் இருந்ததற்கு யார் பொறுப்பு? அதையும் யோசியுங்கள்.

இயன்மருத்துவத் தம்பி:
யோசித்துத்தான் சொல்கிறேன். ஒன்றுமில்லை என்றால் ஒரு கிழமை நித்திரை போகும். ஒரு பக்கம் பலவீனம் இருந்து, இரண்டு வயதில்தான் தெரிய வந்தால், அந்தக் கை பழகியிருக்க வேண்டிய நல்ல காலம் போய்விடும். இரண்டும் ஒரே நிறை இல்லை அக்கா.

மானிப்பாய் மழை:
வாசித்துவிட்டு வலப்பக்கம் பிஸ்கற் வைத்துப் பார்த்தேன். உடம்பையே திருப்பி இடக்கையால் எடுத்தாள். இடக்கையைப் பிடித்துக்கொண்டால் அழுகிறாள். அரக்குவதும் இடக்கையை ஊன்றித்தான், வலக்கால் பின்னால் இழுபடுகிறது. பெருவிரல் உள்ளேதான். இவ்வளவு நாளும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கண்டதில்லை.

மூன்று பெற்றவள்:
ஐயோ பிள்ளை, நான் தவழ்வதைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டு அந்தக் கை விசயத்தை வடிவாக வாசிக்கவில்லை. நாளைக்கே போங்கள். தவழாதது பெரிய விசயமில்லை என்பதை மட்டும் நான் மாற்ற மாட்டேன்.

சுன்னாகம் சைக்கிள்:
எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் இலவசம் என்றால் காட்டுங்கோ.

இயன்மருத்துவத் தம்பி:
அரக்குவதையும் பொருள் எடுப்பதையும் போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் பிள்ளை மடியை விட்டு இறங்க மாட்டாள். சுகாதாரப் பதிவேட்டுப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். நல்ல கைக்கு உறை போட்டு மற்றக் கையைப் பழக்கும் முறை ஒன்று உண்டு, இணையத்தில் பார்த்து நீங்களே தொடங்காதீர்கள், சோதித்தவர் சொல்லட்டும். அதுவரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய பந்து கொடுங்கள். வாக்கர் மட்டும் வேண்டாம், கனடாவில் 2004இலிருந்து விற்கவே தடை.

மானிப்பாய் மழை:
வியாழன் கிளினிக், போகிறோம். வாக்கரை மாமி நேற்றே வாங்கி வந்துவிட்டா. அவவுக்கு எப்படிச் சொல்வது என்றும் யாராவது சொல்லித் தாருங்கள்.